குரங்குக் கடியும் பி வைரசும்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடப்போர் குரங்குகளுக்குப் பழம் நீட்டுவதைக் காணலாம். தலைமயிர் குல்லாய்போல் படர்ந்த இந்த நாட்டுக் குரங்குகளும், வடநாட்டு ரீசஸ் குரங்குகளும் மக்காக் என்னும் ஓரினத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தில் ஒரு வைரஸ் காலங்காலமாகக் குடியிருந்து வருகிறது. அதைப் பற்றி உலகம் அறிந்துகொள்ள ஒரு மருத்துவரின் உயிரே விலையாயிற்று.

1932ஆம் ஆண்டு நியூயார்க்கில் இளம்பிள்ளைவாத ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரெப்னர் என்ற 29 வயது மருத்துவரின் கையை ஒரு ரீசஸ் குரங்கு கடித்தது. குரங்குக்கு நோய்க்குறி எதுவுமில்லை. ஆனால் மருத்துவரின் கைகால்கள் செயலிழந்தன. மூச்சும் தடைப்பட்டு, மூன்று வாரங்களுக்குள் இறந்தார். அவருடைய உடல் திசுக்களிலிருந்து ஆல்பர்ட் சேபின் ஒரு வைரசைப் பிரித்தெடுத்தார். 1934இல் சேபினும் ரைட்டும் அதை விவரித்து, இறந்தவர் பெயரின் முதலெழுத்தால் 'பி வைரஸ்' என்றனர். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்தை உருவாக்கியவரும் இதே சேபின்தான்.

போலியோத் தடுப்பு மருந்து செய்யக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையாகக் கப்பலிலும் விமானத்திலும் சென்றன. 1950களின் பிற்பகுதியில் அவற்றைக் கையாண்ட ஊழியர்களிடையே இந்நோய் அதிகம் தோன்றியது. மருத்துவத்துக்கென்று அனுப்பிய குரங்குகள் அமெரிக்கப் படைத்துறையின் கதிரியக்கச் சோதனைகளுக்கும் பயன்பட்டதாகச் செய்தி வரவே, 1978இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது.

குரங்குக்கு இவ்வைரஸ் வாய்ப்புண்ணோடு போகும். பிறகு நரம்பு முடிச்சுகளில் உறங்கும். மனிதனிடமோ நரம்பு வழியே ஏறி மூளையைத் தாக்கும். இதில் வியப்பென்ன? நமது உதட்டில் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. நமக்குச் சிறு தொல்லையான அது, தென்னமெரிக்க மார்மொசெட் குரங்கைக் கொன்றுவிடும். பழகிய உடலில் அடங்கியிருப்பது புதிய உடலில் கொடியதாகிறது.

1932 முதல் இந்நோய் கண்டவர்கள் ஏறத்தாழ 50 பேரே. 20க்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் ஆய்வுக்கூட ஊழியர். எனவே பீதி வேண்டாம். ஆனால் கடியை அலட்சியப்படுத்தலாகாது. காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி இன்றியமையாதது. பி வைரசுக்கு, அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் காலத்தோடு கொடுத்தால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு. குரங்குக்குக் கையால் உணவு நீட்டாதிருப்பது எல்லாவற்றிலும் எளிய காப்பு.