ஜினகாஞ்சியும் அதன் ஊர்களும்

தொண்டை மண்டலத்து நகரங்களுள் தலையாயது காஞ்சி. ஏழாம் நூற்றாண்டில் அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நிர்க்கிரந்தர் பலர் அந்நாட்டில் வாழ்ந்ததைக் குறித்துள்ளார். வேகவதி ஆற்றங்கரையில் உள்ள திருப்பருத்திக்குன்றமே அன்றைய ஜினகாஞ்சி. அங்குத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அமைச்சர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387-88இல் எடுப்பித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளைக் கூறும் ஓவியங்கள் உள்ளன. மண்டபம் நின்றது; அதைச் சூழ்ந்திருந்த சமூகம் அந்த அளவுக்கு அங்கே நிற்கவில்லை. ஜினகாஞ்சி மடமும் பிற்காலத்தில் மேல்சித்தாமூரில் நிலைகொண்டது.

ஆதலின் இந்நாட்டின் சமண வரலாற்றை அறிய விழைவோர் நகரை விட்டு நீங்கி, வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி வட்டாரங்களுக்குச் செல்லவேண்டும். ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் மணிலாவும் விளையும் நாடு இது. வயல்களின் நடுவே திடீரென எழும் பாறைக் குன்றுகளுள் பல, அறவோரின் நினைவைத் தாங்கியவை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் உள்ளன. போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் விளங்குகிறது. பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகள் வழிபடப்படுகின்றன.

இவற்றினும் வியப்புக்குரியது வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல். முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 885இல், கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி அங்கு ஐந்நூறு மாணாக்கியருடன் வாழ்ந்தார். அங்கிருந்த நானூறு பெண் துறவியருக்கும் அவர்களுக்கும் பிணக்கு நேர்ந்தது. அப்போது அவ்வூர் மக்கள், குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுக் கல்லில் பொறித்தனர். ஐந்நூறு பேருக்கு அன்றாடம் உணவளிப்பது எளிதான செயலன்று. பெண்கள் இத்தனை பெருந்தொகையாய்க் கூடிக் கற்ற இடம் தலைநகரம் அன்று, ஒரு சிற்றூர் என்பது நம் பாடநூல்களில் போதிய இடம் பெறவில்லை.

இந்த ஊர்களின் நயினார் குடும்பங்கள் வழிவழியாக உழவர்கள். செஞ்சி நாயக்கர் ஒருவரின் கொடுமைக்கு அஞ்சிப் பலர் சமயம் மாறி நீறு பூசினர் என்றும், மறைந்து வாழ்ந்தோர் பின்னர் வீரசேனாசாரியரால் மீண்டும் ஒன்றுபட்டனர் என்றும் செவிவழிச் செய்தி வழங்குகிறது. தாயனூர்க் குடும்பம் ஒன்றுக்குச் சித்தாமூரில் முதல் மரியாதை உண்டானதும் அதனோடு இணைத்தே சொல்லப்படும்.

இன்று அவ்வுழவர் பிள்ளைகளுள் பலர் சென்னையிலும் பிற நகரங்களிலும் பணிபுரிகின்றனர், நிலங்கள் கைமாறுகின்றன. சில ஊர்களில் ஜினாலயத்துக்கு நாள்தோறும் விளக்கேற்ற எஞ்சியிருப்பவை இரண்டு மூன்று குடும்பங்களே. சித்தாமூர்த் தேர்த்திருவிழாவன்று மட்டும் அவர்கள் அனைவரும் திரும்பி வருகின்றனர். தேர் நிலைக்கு வந்ததும், இருட்டுமுன் உண்டு முடித்துப் பேருந்தேறுகின்றனர்.