குளச்சல் வெற்றியும் திருப்படித் தானமும்

வாள் வலியால் நாடு பெற்ற மன்னர் பலர். பெற்ற நாட்டை ஆண்டவன் திருவடியில் வைத்துத் தம்மை அடியவர் என்று கூறிக்கொண்ட மன்னர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மரின் வரலாற்றைக் கும்பாபிஷேக நன்னாளில் நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலையாளக் கரையின் மிளகு வாணிகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கை ஓங்கியிருந்தது. குறுநில மன்னர்களோடு உடன்படிக்கை செய்து, மலிந்த விலைக்கு அவர்கள் மிளகு பெற்றுவந்தனர். 1729-இல் பட்டமெய்திய மார்த்தாண்டவர்மர் அந்நாடுகளைத் தம் ஆட்சியிற் சேர்க்கத் தொடங்கவே, கம்பெனியார் போர் தொடுத்தனர். இலங்கையிலிருந்து வந்த அவர்தம் படை குளச்சலில் இறங்கி, பின்னர்ப் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்ற கல்குளத்தை அச்சுறுத்திற்று.

ஐரோப்பியப் படையை உள்நாட்டு மன்னர் ஒருவர் வெல்லக்கூடும் என்று அந்நாளில் எண்ணியோர் அரியர். ஆயினும் டச்சுக்காரர் தம் கடற்கரைக் காப்பரணுள்ளே முற்றுகையிடப்பட்டனர். வெடிமருந்திலே தீப்பற்றி, உணவுப் பொருளும் அழிந்தது. 1741 ஆகஸ்டு 10-இல் அப்படை அடிபணிந்தது.

களத்திலே கண்ட வெற்றி சிறிதே. அதனைத் தொடர்ந்த செயல்களே அதற்குப் பெருமை தந்தன. சிறைப்பட்டவருள் ஒருவரான டிலனாயை மன்னர் பகைவராகக் கருதி ஒறுத்தாரல்லர். தம் படைக்கு ஆசானாக ஏற்றார். 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்ற அவர், படைகளுக்கு ஐரோப்பிய முறையிற் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையை வலிமைப்படுத்தினார். அவர் மேற்பார்வையில் எழுந்த வடஎல்லை நெடுங்கோட்டை, அவர் மறைந்தபின், 1789-இன் இறுதியில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்திற்று. 1777-இல் மறைந்த அவர் உதயகிரியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இலத்தீன் எழுத்துகளோடு தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. சிறைக் கைதியாய் வந்தவர் இந்நாட்டு மண்ணிலேயே உறங்குகின்றார்.

டச்சுக்காரரோ 1753-இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்து, உள்நாட்டு அரசர் பூசல்களில் தலையிடுவதில்லை என ஒப்பினர். கொச்சியில் 1795 வரை தங்கியிருந்தும், மலையாளக் கரையில் முன்போல் அவர்கள் தலையெடுக்கவில்லை.

இவ்விரண்டினும் மேலான செயல் 1750 ஜனவரியில் நிகழ்ந்தது. மன்னர் திருவனந்தபுரம் ஸ்ரீபத்மநாபசுவாமி சந்நிதியிலே தம் உடைவாளை வைத்து, நாடு முழுவதையும் பெருமாளுக்கே உரிமையாக்கினார். அது முதல் அவரும் அவர் வழிவந்தோரும் 'பத்மநாபதாசர்' என்னும் பெயரோடு ஆண்டனர். 1949-இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணையும் வரை அம்மரபு நிலைத்தது.

இச்செயலில் அரசியல் நோக்கமும் உண்டு என்பர் சிலர். ஆண்டவன் உடைமையான நாட்டை எதிர்ப்பது தெய்வக் குற்றமாய்விடுமன்றோ? காயங்குளம், அம்பலப்புழை முதலிய நாடுகளை வென்றடக்கிய அவர் கையில் குருதிக் கறையும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாறாகாது. ஆயினும், வெற்றியின் உச்சியில் நின்றவர் 'இது எனதன்று' என்று கூறியது சிறிய செயலோ? செருக்குற்றிருக்க வேண்டிய வேளையிலே தலை வணங்கினார்.

குளச்சற் கடற்கரையிலே வெற்றித் தூண் இன்றும் நிற்கின்றது. அதனைக் காணச் செல்லும் அன்பர்கள், அருகிலுள்ள உதயகிரிக் கல்லறையையும் கண்டு, அனந்தபுரத்துப் பெருமாளையும் தொழுது வருவார்களாக. வெற்றி, அவ்வெற்றியிலே விளைந்த நட்பு, அதன் முடிவிலே கனிந்த அடிமைத்திறம் ஆகிய மூன்றும் அப்போது ஒருங்கே விளங்கும்.