தட்டுல செத்த செல், கட்டிக்குள்ள ஏன் சாகலை?

"புது மருந்து கொடுத்ததும் லேப்ல புற்றுநோய் செல்லெல்லாம் செத்துப்போச்சு"ன்னு அடிக்கடி செய்தி வரும். அடுத்த தடவை பார்த்தா ஒரு கேள்வி கேளுங்க: அந்த செல்லை எதுல வளர்த்தாங்க?

பெரும்பாலும் பிளாஸ்டிக் தட்டுலதான். அடியில ஒரே அடுக்கா செல்கள் ஒட்டியிருக்கும். மருந்தை ஊத்தினா எல்லா செல்லுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும், ஆக்சிஜனும் அப்படித்தான். உடம்புக்குள்ள இருக்கிற கட்டியில இது நடக்காது. நம்ம ஐடி பாஷையில சொன்னா, என் லேப்டாப்ல ஓடுது, ப்ரொடக்‌ஷன்ல விழுது.

இது புதுசா தெரிஞ்ச விஷயம் இல்லை. 1955-லயே பிரிட்டன்ல தாம்லின்சன், கிரேன்னு ரெண்டு பேர் நுரையீரல் புற்றுநோய்த் திசுவை மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல செல்கள் உயிரோட இருந்தது. அங்கிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டர் தள்ளிப் போனா எல்லாம் செத்துக் கிடந்தது. ஆக்சிஜன் எட்டுற தூரம் அவ்வளவுதான். ரெண்டுக்கும் நடுவுல அரைமூச்சோட கிடக்கிற செல்கள்தான் வில்லன். அதுகளைக் கதிர்வீச்சால கொல்ல ஏறக்குறைய மூணு மடங்கு டோஸ் வேணும்.

இதை லேப்ல எப்படிக் கொண்டுவர்றது? 1970 வாக்குல கனடாவுல ராபர்ட் சதர்லேண்டோட குழு ஹாம்ஸ்டர் செல்களைக் குடுவையில போட்டு, எங்கேயும் ஒட்டவிடாம சுழற்றிக்கிட்டே இருந்தாங்க. ஒட்டத் தரை கிடைக்காத செல்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையாச்சு. இதுதான் ஸ்ஃபெராய்டு. வெளியே பெருகுற செல், உள்ளே தூங்குற செல், நடு மையத்துல செத்த செல். குட்டிக் கட்டியேதான். கதிர்வீச்சு கொடுத்தா உள்ளே இருந்ததுல ஒரு பங்கு தாக்குப்பிடிச்சது. அப்புறம் டாக்சோரூபிசின் மருந்தைச் சோதிச்சப்பவும் இதே கதை. மருந்து வெளி அடுக்குலயே மாட்டிக்கிச்சு.

இவ்வளவு தெரிஞ்சும், 1990 வாக்குல அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 வகை செல்களை வெச்சுத் தொடங்கின பெரிய மருந்துச் சோதனை தட்டையாத்தான் நடந்தது. அதை முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான மருந்தைச் சோதிக்கணும்னா எல்லா உருண்டையும் ஒரே சைஸ்ல வேணும், அது அன்னிக்குக் கஷ்டம். ஆனா வசதிக்காக எடுத்த முடிவு ரொம்ப காலம் நின்னுபோச்சு.

திருப்பம் 2009-ல. நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸோட ஆய்வகம் ஒரே ஒரு ஸ்டெம் செல்லுல இருந்து எலிக் குடலோட சின்ன வடிவத்தை ஜெல்லுக்குள்ள வளர்த்தது. அதுக்குப் பேரு ஆர்கனாய்டு. (அந்த ஜெல்லே எலியோட புற்றுக்கட்டியில இருந்து எடுக்கிறதுதான்!) பிறகு நோயாளியோட கட்டியையே இப்படி வளர்க்க ஆரம்பிச்சாங்க. 2018-ல லண்டன் குழு ஒண்ணு, பரவிப்போன குடல், இரைப்பைப் புற்றுநோய் இருந்த நோயாளிகளோட ஆர்கனாய்டுல மருந்துகளைச் சோதிச்சது. ஒப்பிட முடிஞ்ச எண்ணிக்கை சின்னதுதான். ஆனா "இந்த மருந்து கேட்காது"ன்னு உருண்டை சொன்ன ஒருத்தருக்குக்கூட அது கேட்கலை. "கேட்கும்"னு சொன்னது 88 சதவீதம் சரி. பலன் தராத கீமோவோட வாந்தியும் களைப்பும் ஒருத்தருக்கு மிச்சமாகலாம்னா, அது பெரிய விஷயம்.

சிக்கல் என்னன்னா, உருண்டை வளர வாரக்கணக்குல ஆகும். முற்றின நோயோட இருக்கிறவருக்கு அந்த வாரங்கள் கையில இல்லாமப் போகலாம். சாதாரண ஆர்கனாய்டுல ரத்தக்குழாயும் கிடையாது, நோய் எதிர்ப்பு செல்லும் கிடையாது. அதனால இம்யூனோதெரபி மருந்துன்னு வந்தா, அந்த உருண்டை மட்டும் போதாது.