கலப்படப் பட்டியலில் ஒரு வரி பிறந்த கதை

1829-இல் மத்திய இந்தியாவின் சாகர் வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டி, கோதுமைப் பயிர் தரையோடு தரையானது. மறு வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கடுத்த வருஷம் பயிரில் நோய் விழுந்தது. மூன்று வருஷமும் தாக்குப்பிடித்தது நீலப் பூப் பூக்கும் ஒரு பயறுதான். மக்கள் அதைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். 1833-இல் இளவட்டங்களுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போக ஆரம்பித்தது. ஒரு கிராமத்தில் ஏறக்குறைய பாதி இளைஞர்கள் முடங்கினார்கள் என்று எழுதி வைத்தார், தக்கர் என்ற வழிப்பறிக் கொள்ளையரை ஒடுக்கிப் பேர் வாங்கிய ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன். பஞ்சத்தில் காப்பாற்றிய பருப்பே காலை வாரியது. அதற்குள் என்னதான் இருந்தது?

நூறு வருஷம் தாண்டியும் விடை கிடைக்கவில்லை. அதே மத்திய இந்தியாவின் ரேவா பகுதிப் பண்ணையாட்களுக்கு அந்தப் பருப்பே கூலியாக அளக்கப்பட்டது, முடங்கியவர்களும் அவர்கள்தான். 1954-இல் அமெரிக்காவில் ‘ஸ்வீட் பீ’ என்ற உறவுக்காரச் செடியில் ஒரு நச்சைப் பிடித்தார்கள். அதைத் தின்ற எலிகளின் எலும்பு கோணியது. ஆனால் நம் நோயாளிகளின் எலும்பு நன்றாகவே இருந்தது, கெட்டிருந்தது நரம்பு. பிடிபட்டது வேறு ஆள்! அரசாங்கமோ காத்திருக்கவில்லை. 1961-இல் பருப்பின் விற்பனைக்குத் தடை வந்தது. தண்டனை கொடுத்தாயிற்று, குற்றவாளியின் பெயர்தான் தெரியவில்லை.

வளர்ந்த விலங்குகளுக்குப் பருப்பின் சாற்றைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் அதைப் பிறந்து ஒரே நாளான கோழிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். குஞ்சுகளின் கழுத்து திருகி, உடம்பு வெட்டி இழுத்தது. மூளைக்குள் கண்டதையும் விடாத காவல் குஞ்சுக்கு இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போய், 1964-இல் ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். சுருக்கப் பெயர் ஓ.டி.ஏ.பி.; முழுப் பெயர் வாயில் நுழையாது. அதே வருஷம் தில்லியிலும் ஒரு குழு இந்த நச்சைப் பற்றி எழுதியது. அதில் இருந்த டி.ஆர். சேஷாத்ரி, புதுக்கோட்டைக்கு வடமேற்கே காவிரிக்கரைக் குளித்தலையில் பிறந்தவர். ஆள் அகப்பட்டுவிட்டது, கொலை செய்த விதம் மட்டும் மர்மம்.

துப்பு அதன் உருவத்தில் இருந்தது. குளுட்டமேட்டின் சாயல் அப்படியே! ஆம், அஜினோமோட்டோவில் இருக்கும் அதே குளுட்டமேட்தான். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கர்ட்டிஸும் வாட்கின்ஸும் அதைப் பூனையின் தண்டுவட நரம்புச் செல்களில் சொட்டிப் பார்த்திருந்தார்கள். தொட்ட செல்லெல்லாம் துள்ளியது. எல்லாவற்றையும் கிளப்பிவிடுவது நரம்புகளுக்கிடையே சேதி சொல்லும் உண்மையான தூதாக இருக்க முடியுமா என்று அவர்களுக்கே சந்தேகம். 1966-இல் அந்தக் குழு இந்திய நச்சைச் சொட்டியது. செல்கள் குளுட்டமேட்டுக்குத் துள்ளியதைவிட இதற்கு அதிகமாகத் துள்ளின.

மூளையைக் கிளப்பும் தலைமைத் தூது குளுட்டமேட்தான் என்பது பின்னால் உறுதியானது. கிளப்பும் செல், அடக்கும் செல் இரண்டுமே அதன் பேச்சைக் கேட்கின்றன. அடக்கும் செல்கள் ‘காபா’ என்ற தங்கள் அமைதி மருந்தைத் தயாரிப்பதும் அதே குளுட்டமேட்டிலிருந்துதான். இந்த இழுபறி சமமாக இருக்கும்வரை கால் சொன்னபடி கேட்கும். ஓ.டி.ஏ.பி. கள்ளச் சாவியாக நுழைந்து, கால்களை இயக்கும் நரம்புச் செல்களை ஓயாமல் கிளப்பிவிட, அவை களைத்துச் செத்துப்போகின்றன. செத்தவை திரும்புவதில்லை.

உணவுக் கலப்படத் தட்டிகளில் ‘துவரம் பருப்பு: கேசரிப் பருப்பு’ என்று யாரும் நின்று படிக்காத ஒரு வரி உண்டே, அதற்குப் பின்னால் இருப்பது இத்தனையும். அந்த நீலப் பூப் பயறுதான் கேசரி. கடலையும் உளுந்தும் விளையும் புதுக்கோட்டைச் சீமைக்குக் கேசரி அந்நியப் பயிர். ஆனால் தமிழ்நாட்டுக்குத் துவரம் பருப்பில் பெரும்பங்கு வெளி மாநிலங்களிலிருந்துதான் வருகிறது. துவரை உருண்டையாக இருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிந்து ஆப்பு மாதிரி, கொஞ்சம் சதுரமாக இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும். மெட்டானில் மஞ்சள் சாயம் ஏற்றிய பருப்பும் கிட்டத்தட்ட அதே நிறத்தைக் காட்டும். அதையும் வாங்கக் கூடாது.