சுக்ராமும் மண்டி ஊர்த் தொலைபேசிகளும்

தேர்தல் முடிவு வரும்போதெல்லாம் எங்கள் டெல்லி ஆபீஸ் கேன்டீனில் ஒரே பேச்சுதான். "இவ்வளவு தின்னவனுக்கே மறுபடி ஓட்டுப் போட்டிருக்கானுங்களே, ஜனங்களுக்குப் புத்தியே வராதா?" நானும் அப்படிப் பேசியவன்தான். என் வாயை அடைத்தது இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் மண்டி என்ற ஊர்.

நரசிம்மராவ் அரசில் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த சுக்ராம் மண்டிக்காரர். டெலிகாம் டெண்டர்களில் ஊழல் என்று 1995 கடைசியில் பாஜக நாடாளுமன்றத்தை நாள்கணக்கில் நடக்க விடவில்லை. ஆட்சி போனபிறகு, 1996 ஆகஸ்டில், சிபிஐ அவருடைய டெல்லி, மண்டி வீடுகளைச் சோதனை போட்டது. ரொக்கம் மட்டும் சுமார் 3.6 கோடி ரூபாய்! காங்கிரஸ் அவரை வெளியேற்றியது.

ஆள் அத்தோடு காலி என்று நினைத்தோம். அவரோ இமாசல் விகாஸ் காங்கிரஸ் என்று தனிக்கட்சி தொடங்கினார். 1998 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுக்கு 31 இடம், பாஜகவுக்கு 31, சுக்ராம் கட்சிக்கு 5. நாடாளுமன்றத்தை முடக்கிய அதே பாஜக அவரைச் சேர்த்துக்கொண்டு துமால் தலைமையில் ஆட்சி அமைத்தது. 2002-ல் ஒரு வழக்கில் தண்டனையே வந்தது, மேல்முறையீடு செய்தார். 2003-ல் கட்சி ஒரே இடத்துக்குச் சுருங்கியது. அந்த ஒரு இடம் மண்டியில் அவர் ஜெயித்தது.

சில வருஷம் கழித்து குடும்பத்தோடு மணாலி போகும் வழியில் மண்டியில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேவிட்டேன். அவர் இந்தியில் சொன்னதன் சாரம் இது: "தின்னாரு சாப், யாரு இல்லேன்னது? எங்களுக்கு போனும் கொடுத்தாரே. என் பையன் பட்டாளத்துல இருந்தான். கடுதாசி எப்ப வரும்னே தெரியாது. போன் வந்தப்புறம் அவன் குரலைக் கேட்டேன். மத்தவங்களும்தான் தின்னாங்க. எங்களுக்கு என்ன கொடுத்தாங்க?"

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம்மூரில் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அந்தப் 'பையன் குரல்' என்னைத் தைத்தது.

1995-ல் தஞ்சாவூர் பக்கம் எங்கள் கிராமத்தில் பாட்டி இறந்தபோது எனக்குத் தந்தி கிடைத்தது மறுநாள் சாயங்காலம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா போனுக்குப் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்தார். எம்.பி. சிபாரிசு இருந்தால் முன்னாடியே கிடைக்கும். எங்களுக்கு யாரையும் தெரியாது. அப்போது ஒருவர் எங்கள் ஊருக்குக் கம்பி இழுத்திருந்தால், அவர் வீட்டில் எத்தனை கோடி இருக்கிறது என்று அப்பா கேட்டிருப்பாரா? நான்தான் கேட்டிருப்பேனா?

ஜனங்களுக்கு ஊழல் தெரியாமல் இல்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியது தயவாகக் கிடைக்கும்போது, தயவு காட்டியவருக்கு நன்றிக்கடன் செலுத்துகிறார்கள். தண்டிக்கவேண்டிய கோர்ட்டும் மெதுவாகத்தான் வருகிறது. சுக்ராமின் சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது 2009-ல். சோதனை நடந்து 13 வருஷம்!

வேடிக்கை என்னவென்றால், தனியாருக்குக் கதவைத் திறந்த 1994 தொலைத்தொடர்புக் கொள்கை அவர் காலத்தில் வந்ததுதான். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு செய்த நாட்டின் முதல் செல்போன் அழைப்பை டெல்லியில் எடுத்துப் பேசியவரும் அவரே. இன்றைக்கு சிம் கார்டு தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. 'உனக்கு போன் கொடுத்தேன்' என்று யாரும் ஓட்டுக் கேட்க முடியாது. ஜனங்கள் திருந்தியதால் அல்ல, க்யூ ஒழிந்ததால்.

மற்ற க்யூக்கள் அப்படியே இருக்கின்றன. போன மாதம் ஊரில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. இங்கிருந்தபடி ஒரு 'வேண்டப்பட்டவருக்கு' போன் போட்டேன். அரை மணியில் கிடைத்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நன்றி சொன்னேன்.

இப்போதெல்லாம் கேன்டீனில் அந்தப் பேச்சு வந்தால் நான் டீயை மட்டும் குடிக்கிறேன்.