அட்வான்ஸ் யாருடைய பணம்? யாழ்ப்பாணமும் இங்கிலாந்தும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் கொக்குவில், நல்லூர்ப் பக்கங்களிலும் வாடகைக்கு விடப்படும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் லண்டனில் வாழ்பவர் பலர் அங்கே வாடகை வீட்டில் இருந்தவர்கள். குடியிருந்தவர் வெளிக்கிடும்போது துப்புரவுச் செலவென்று அட்வான்சில் கழிக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. கழிக்கும் முறைதான் வேறு.

முதலில், பணம் யார் பொறுப்பில் இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் அது வீட்டுக்காரரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடமோ போய்விடும். திருப்பிக் கொடுக்கும் நாளில் எவ்வளவு என்பதையும் அவரே முடிவு செய்வார். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வழமையான வாடகைக் குடியிருப்புகளின் வைப்புப் பணம் அரசு அங்கீகரித்த திட்டமொன்றின் பாதுகாப்புக்குள் வரவேண்டும். இப்போது அதற்கான தவணை 30 நாள். தவறினால் வீட்டுக்காரர் அந்தத் தொகையின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை குடியிருந்தவருக்குச் செலுத்த நேரிடும்.

அடுத்தது, எதற்குக் கழிக்கலாம்? துப்புரவு நிறுவனத்துக்கென்று கட்டாயக் கட்டணம் கேட்பதை அங்கே 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. வீடு கையளித்தபோது இருந்ததைவிட அழுக்காக இருந்தால் அந்த வேறுபாட்டுக்கான செலவை மட்டும் கழிக்கலாம். இயல்பான தேய்மானத்துக்குக் கழிக்க முடியாது. நிரூபிக்கும் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. யாழ்ப்பாணத்திலோ, நமது சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் குளியலறையில் வெள்ளைக் கறை படியவைக்கும். தேய்த்தால் போகும் கறை துப்புரவுக் கணக்கு. பழசாகிப் பூச்சு உதிர்ந்த குழாய் தேய்மானம். குடிவந்த நாளின் படமோ பட்டியலோ இல்லாதபோது இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆளில்லை. இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆனாலும் வாய்ப்பேச்சில் கைமாறும் வீடுகள் ஏராளம்.

பிணக்கு வந்தால்? இங்கிலாந்தில் பணத்தைப் பாதுகாக்கும் திட்டமே சான்றுகளைப் பார்த்து இலவசமாகத் தீர்ப்புச் சொல்லும். இங்கே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. இரு தரப்பையும் நேரில் இருத்திப் பேசவைப்பது அதன் சிறப்பு. ஊர் உறவும் முறியாது. ஆனால் இணக்கம் வராவிட்டால் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கில்லை. சில ஆயிரம் ரூபாய்க்காக மாணவர் எவரும் நீதிமன்றம் ஏறமாட்டார். பணம் வீட்டுக்காரரிடமே தங்கிவிடும்.

ஆகவே நமக்கு அவசரத் தேவை ஆவணம். வீட்டுக்காரரே, திறப்பைக் கொடுக்கும் நாளில் குசினி, குளியலறை, வளவு எல்லாவற்றையும் படமெடுத்து, இருவரும் கையொப்பமிட்ட பட்டியலை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். லண்டனில் குடியிருந்தபோது உங்களுக்குக் கிடைத்த நியாயத்தை, உங்கள் ஊர் வீட்டில் குடியிருப்பவருக்கும் கொடுங்கள்.