அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியும் செவிலியர் பராமரிப்பின் தரமும்

அறுவை சிகிச்சை முடிந்தவரின் வலியைக் கேட்டறிவது, தணிப்பது, தணிந்ததா என்று திரும்ப வந்து பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இத்துறையில் செவிலியர் பராமரிப்பு. மருந்தை எழுதுபவர் மருத்துவர். அது நள்ளிரவில் போதவில்லை என்பதை முதலில் அறிய முடிந்தவர் செவிலியர். வயிற்றில் தையலோடு கிடப்பவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்கமாட்டார், இருமமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நெஞ்சில் சளி தேங்குவதும் காலில் இரத்தம் உறைவதும் இதன் பின்விளைவுகள். அசையாமல் படுத்திருக்கும்போது வலியைக் கேட்டுக் குறித்துக்கொள்வது ஆகையால் போதாது. இருமும்போது, புரளும்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். நோயாளி உண்டென்று சொல்லும் வலி உண்மையான வலியே என 1968-இல் அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃப்ரி வகுத்த கொள்கை இந்தக் கேள்விக்கு அடிப்படை.

தரத்தை எதைக்கொண்டு அளப்பது? நோயாளியின் திருப்தி எளிய அளவுகோலாகத் தோன்றினாலும் ஏமாற்றக்கூடியது. கடும் வலியில் இருந்தவர்கள்கூடத் திருப்தி என்று பதில் சொல்வது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது; அறுத்தால் வலிக்கத்தானே செய்யும் என்ற எண்ணமும், கவனித்தவர்கள்மீதுள்ள நன்றியும் அப்படிச் சொல்லவைக்கின்றன. சுவீடனில் ஏவா இத்வால் குழுவினர் உருவாக்கிய 14 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் பேச்சு, செயல், நம்பிக்கை, சூழல் என்று பிரித்துக் கேட்பது இதனால்தான் மேலானது.

வலியை எண்ணாகக் கேட்கத் தொடங்கியதே அபின்வகை மருந்துகளை மிகையாக்கியது என்பது வலுவான மறுப்பு. அமெரிக்காவின் தாம்பா நகர மருத்துவமனை ஒன்றில், வலி எண்ணைப் பார்த்தே மருந்து தரும் முறை வந்தபின், அளவு மீறிய மயக்கம் 1,00,000 உள்நோயாளி நாட்களுக்கு 11-லிருந்து 24.5 ஆக உயர்ந்ததென 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வின் இன்னொரு செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: 94 விழுக்காட்டு நிகழ்வுகளில், ஆபத்துக்கு முன்பே நோயாளியின் விழிப்புநிலை குறைந்திருந்தது. அறிகுறி கண்ணெதிரே இருந்திருக்கிறது. குற்றம் கேட்டதில் இல்லை. எண்ணோடு விழிப்புநிலையையும் மூச்செண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்காததில் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறையில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் சுவீடனின் ஓரெப்ரோவில் நரீந்தர் ரவால் 1994-இல் விவரித்த ஏற்பாடு செலவைக் குறைக்கவே வகுக்கப்பட்டது: வார்டுச் செவிலியர்களே வலியை அளந்து மருந்தளிப்பார்கள், தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தினமும் வார்டுகளைச் சுற்றிவந்து, தணியாத வலியை மயக்கவியல் மருத்துவரிடம் கொண்டுசெல்வார்.